குட்டையைத் துறந்த தவளைகள்

மழை பெய்து குளங்குட்டைகள் நிறைந்ததும் ஆண் தவளைகள் கூவத் தொடங்குவதும், பெண் தவளைகள் நீரில் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதும், அம்முட்டைகளிலிருந்து வாலும் செவுளும் கொண்ட தலைப்பிரட்டைகள் வெளிப்பட்டுப் பாசியைத் தின்று வளர்ந்து, கால்கள் முளைத்து, வால் குன்றி, கடைசியில் கரையேறுவதுமாகிய வரலாற்றை நம்மில் பலர் பாலபருவத்திலேயே பாடமாகப் படித்திருக்கிறோம். கிராமத்தில் பிறந்தவர்கள் அதைக் கண்ணாலும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பாடம் பொய்யன்று. ஆனால் அதுவே தவளைக் குலம் முழுவதற்கும் பொதுவான நியதி என்று எண்ணுவது தவறு. நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில், மாலை மயங்கும் நேரத்தில், புதருக்குப் புதர், இலைக்கு இலை, சிறு உலோகத் தகட்டைத் தட்டுவது போன்ற குரலை எழுப்புகிற ஒரு சிறுதவளைக் கூட்டம் அந்த நியதியை அடியோடு கைவிட்டுவிட்டது. அவற்றின் சந்ததி குளத்தையோ ஓடையையோ ஒருநாளும் நாடுவதில்லை. ஈரமான இலைமீதோ, பாசி படர்ந்த மரப்பட்டையிலோ, மண்ணுக்குள்ளோ, மூங்கிலின் பொந்துக்குள்ளோ இடப்பட்ட முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் கழிந்து, முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போதே நான்கு கால்களோடு கூடிய பூரணமான தவளைக்குஞ்சு வெளிவருகிறது.

புதர்த்தவளைகள் என்று வழங்கப்படும் இவற்றின் ஜீவதர்மம் யாது, எந்த ஆதாரத்தின்மேல் அது நிற்கிறது, அந்த ஆதாரத்துக்கு இன்று நேர்ந்திருக்கும் ஆபத்துகள் எவை, அவற்றைத் தடுக்க இயலுமா என்பவையே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயங்கள். இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகிறது. பிராணி நூலார் இனங்களுக்குப் பெயரிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். வனபரிபாலனம் செய்பவர்கள் வனத்தின் எல்லையைக் காப்பதோடு திருப்தியடைகிறார்கள். என்னுடைய அபிப்பிராயத்தில், இந்தத் தவளை எப்படி இனவிருத்தி செய்கிறது என்பதை அறியாமல் அதை எப்படிக் காப்பது என்பதை அறிய வழியில்லை. முதற்கேள்விக்குரிய விடையிலேயே இரண்டாவதன் விடையும் அடங்கியிருக்கிறது.

முதலில் இவற்றின் குலமரபைச் சொல்லவேண்டும். மரத்தவளைகளும் நுரைக்கூடு கட்டும் தவளைகளும் அடங்கிய ராக்கோபோரிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. தென்னிந்தியப் புதர்த்தவளைகளில் மிகப் பெரும்பாலானவை இன்று ராவோர்கெஸ்டிஸ் என்ற பேரினத்தில் வைத்து எண்ணப்படுகின்றன; அதில் இதுவரை எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஒரு சில வடகிழக்கிந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருப்பினும், ஏனையவற்றில் மிகப் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பிராணி நூல் பேராசிரியராக விளங்கி, 1932இல் தொடங்கப்பட்ட ‘கரண்ட் சயன்ஸ்’ சஞ்சிகையின் முதல் ஆசிரியராகவும் இருந்து, தென்னாட்டுத் தவளைகளைப் பற்றித் தாமே ஆராய்ந்து எழுதிய சி.ஆர். நாராயண ராவ் அவர்களின் நினைவாக அப்பேரினத்துக்கு 2010இல் அப்பெயர் சூட்டப்பட்டது. சூட்டிய கட்டுரை வெளிவந்ததும் அவர் வளர்த்த அதே சஞ்சிகையில்தான். சூடோபிலாட்டஸ் என்ற மற்றொரு பேரினம் பிரதானமாக இலங்கைக்கு உரியது. ஆயினும் அதன் சில இனங்கள் நம் மலைகளிலும் வாழ்கின்றன. அகத்தியமலைப் பகுதியில் கண்டறியப்பட்ட ஓர் இனத்துக்கு அம்மலையின் பூர்வகுடிகளான காணிகளின் பெயரே இடப்பட்டிருக்கிறது.

உருவத்தில் இவை மிகச் சிறியவை. வளர்ந்த ஆண் ஒன்று நம் கட்டைவிரல் நகத்தின்மேல் வசதியாக அமரக்கூடிய இனங்களும் உண்டு. இரண்டு அங்குலத்தை எட்டுவது அபூர்வம். பச்சை, பழுப்பு, சாம்பல், மஞ்சள் என்று நிறங்கள் மாறுபடுவதோடு, ஒரே இனத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வர்ணங்களில் தவளைகள் காணப்படுவதால், நிறத்தைக்கொண்டு இனத்தைத் துணிவது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். விரல் நுனிகள் தட்டையான வட்டுகளாக விரிந்திருப்பதால் இலையின் வழுவழுப்பான முகத்திலும் இவை பற்றிக்கொள்ளும். ஆணின் தொண்டையிலுள்ள குரல்பை ஊதி விரியும்போது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். அந்தப் பையின் உதவியால், தன் உடலின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கம்பீரத்தோடு அது தன் இருப்பைக் காடறியச் செய்கிறது.

இனி முட்டையின் விஷயத்துக்கு வருவோம். இக்குடும்பத்தின் ஏனைய உறவினர்கள், உதாரணமாக நம் வீட்டுச் சுவர்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் கூடச் சில சமயம் காணப்படுகிற மரத்தவளை, நீருக்கு மேலாக நுரைக்கூடு கட்டி அதற்குள் முட்டையிடும்; தலைப்பிரட்டைகள் நுரை கரைந்ததும் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். புதர்த்தவளைகளோ நுரையும் கட்டுவதில்லை, நீரையும் தேடுவதில்லை. இவற்றின் முட்டைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் தாயின் உடலோடு ஒப்பிடும்போது பெரியது. உள்ளே மஞ்சட்கரு நிறைந்தது. தலைப்பிரட்டை வெளியே தேடித் தின்னவேண்டிய ஆகாரம் முழுவதையும் தாய் முன்கூட்டியே முட்டைக்குள் வைத்து அனுப்பிவிடுகிறாள் என்று சொன்னால் தவறில்லை. கருவுக்குள் வால் தோன்றுகிறது. அந்த வால் நீந்துவதற்குப் பயன்படாமல், இரத்தநாளங்கள் நிறைந்த மெல்லிய ஏடாக விரிந்து சுவாசத்துக்குத் துணைசெய்து, பின்னர் உடலோடு ஒடுங்கிவிடுகிறது. சில வாரங்களில் நகத்துணுக்கு அளவேயான தவளைக்குஞ்சு வெளிப்பட்டு, உடனே தன் ஜீவனத்தைத் தானே தேடிக்கொள்ளத் தொடங்குகிறது.

இந்த ஏற்பாட்டினால் வரும் லாபம் பிரத்தியட்சமானது. குளத்திலும் ஓடையிலும் தலைப்பிரட்டையைத் தின்னக் காத்திருக்கும் மீன்கள், நீர்ப்பூச்சிகள், தட்டான்களின் இளம்பருவங்கள் ஆகிய சத்துருக்களிடமிருந்து விடுதலை. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் அபாயமும் குட்டை வற்றிக் காயும் அபாயமும் இல்லை. நீர்நிலையே இல்லாத மலைச்சரிவிலும் குடியேறலாம். ஆனால் இந்த விடுதலைக்குக் கொடுத்த விலை பெரிது. பறவையின் முட்டைக்கும் பல்லியின் முட்டைக்கும் இருப்பது போன்ற ஓடு தவளை முட்டைக்கு இல்லை. வழவழப்பான கூழ்ச்சவ்வு ஒன்றே அதன் கவசம். ஆகவே முட்டை பொரியும்வரை அதைச் சுற்றியுள்ள காற்று நீர்ப்பசை நீங்காததாக இருக்கவேண்டும். குளத்தைச் சார்ந்து வாழும் தவளைக்குக் குளம் ஒன்று இருந்தால் போதும். அக்குளம் வெயிலில் திறந்துகிடந்தாலும் பாதகமில்லை. குளத்தைத் துறந்த தவளையோ காட்டின் மூச்சையே, அதாவது விதானத்தின் நிழல், சருகின் ஈரம், மலையேறி வரும் மூடுபனி, தென்மேற்குப் பருவக்காற்றின் இடைவிடாத தூறல் ஆகியவை சேர்ந்து உண்டாக்குகிற அந்தப் பிரத்தியேகமான காற்றையே தன் குளமாகக் கொண்டுவிட்டது. நீரிலிருந்து விடுபட்ட இப்பிராணியே நம் நாட்டுத் தவளைகளில் ஈரத்துக்கு மிகவும் அடிமைப்பட்டது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

முதலில் விளங்குவது இவற்றின் இனங்கள் ஏன் இவ்வளவு பலவாகவும், ஒவ்வோர் இனத்தின் பிரதேசம் ஏன் இவ்வளவு சிறிதாகவும் இருக்கின்றன என்பதே. ஓடைவழியே மிதந்து செல்லும் தலைப்பிரட்டை இல்லாத குலம், ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குச் செல்ல வேண்டுமானால் வறண்ட தாழ்நிலத்தைக் கடக்கவேண்டும்; அதற்கு இதன் மெல்லிய தோல் இடங்கொடாது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயும், அதற்குத் தெற்கேயுள்ள செங்கோட்டைக் கணவாயும் நம் பயணத்துக்கு வழிகளாக இருக்க, இத்தவளைகளுக்கு அவை சமுத்திரங்களாகவே இருந்து வந்திருக்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மலைத்தொடர் முழுவதும் அலைந்து சேகரித்த மாதிரிகளின் மரபணுக்களைக் கொண்டு 2014இலும் 2016இலும் வெளியிட்ட முடிவுகள், கணவாய்களாலும் மலைகளின் உயரவேறுபாட்டாலும் பனியுகங்களின் தட்பவெப்ப மாறுதல்களாலும் இக்குலம் கிளைகிளையாகப் பிரிந்தது என்பதைக் காட்டுகின்றன. சிகரங்கள் தீவுகளைப்போல் தனித்து நிற்க, தீவுக்கொரு தவளையாகப் பரிணமித்தது என்று சுருக்கமாகக் கூறலாம்.

இதற்கு உச்சமான உதாரணம் மூணாற்றை அடுத்த ஆனமுடியில் இருக்கிறது. இமயத்துக்குத் தெற்கே மிக உயர்ந்ததான அச்சிகரத்தின் உயரம் 2,695 மீட்டர். அங்கே, குட்டையான கால்களும் செக்கச் சிவந்த ஆரஞ்சு நிறமும் கொண்டு, மரமேறும் குலத்தில் பிறந்தும் தரையிலேயே ஊர்ந்து திரிகிற ஒரு தவளை 2010இல் விவரிக்கப்பட்டது. ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்ற அதன் சிறப்புப்பெயருக்கு ஜொலிப்பது என்று பொருள். கண்டறியப்பட்ட காலத்தில் அதன் வாசஸ்தலம் முழுவதும் மூன்று சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. இரவிகுளம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அது இருப்பது அதிர்ஷ்டமே. அப்பூங்கா வரையாட்டைக் காப்பதற்காக ஏற்பட்டது. தவளையை மனத்தில் வைத்து அல்ல. இதே விதமாக, கொடைக்கானல் மலையிலிருந்து ஒன்றும், வால்பாறைக்கு அருகிலுள்ள அந்திப்பாறைச் சோலையிலிருந்து ஒன்றும், நெல்லியாம்பதியிலிருந்து ஒன்றும் என இந்த நூற்றாண்டில் பெயர் பெற்ற இனங்கள் பலவற்றின் எல்லைகள், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பரப்பைவிடச் சிறியவையாக இருக்கக்கூடும்.

ஆயினும் இக்குலத்தின் ஸ்வபாவத்தை முழுமையாக நமக்கு உணர்த்திய பெருமை வேறோர் இனத்துக்கு உரியது; அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். 1870களில் திருவிதாங்கூர் மலைகளிலிருந்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சென்ற மாதிரிகளைப் பரிசோதித்த ஆல்பர்ட் குந்தர் என்ற அறிஞர், 1876இல் கலாசோடஸ் என்ற பெயரில் ஒரு சிறு பச்சைத் தவளையை விவரித்தார். அதன்பிறகு அத்தவளையை உயிரோடு கண்டவர் இல்லை. தலைமுறைகள் மாறின, சமஸ்தானம் போய் ராஜ்யங்கள் ஏற்பட்டன, கண்ணாடிக் குப்பியிலிருந்த மாதிரியின் நிறமும் வெளுத்துப்போயிற்று. டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.டி. பிஜு அவர்களின் முயற்சியால், காணாமற்போன இந்தியத் தவளைகளைத் தேடும் இயக்கம் ஒன்று 2010இல் தொடங்கப்பட்டு, மறுவருஷம் அதன் முதற்பலன்கள் அறிவிக்கப்பட்டபோது, 136 ஆண்டுகளாக மறைந்திருந்த இத்தவளை களக்காடு–முண்டந்துறையின் மழைக்காடுகளில் உயிரோடிருக்கும் செய்தி வெளியாயிற்று. பளபளக்கும் பச்சை மேனி, சாம்பல் கலந்த நீலத் தொடைகள், பொற்றுகள் தெளித்தது போன்ற கருவிழி: இவற்றில் எதையும் குப்பியிலிருந்த உடல் நமக்குச் சொல்லியிருக்க முடியாது.

அதனினும் அதிசயமானது அது வாழும் இடம். அம்மலைகளின் ஓடையோரங்களிலும் சரிவுகளிலும் அடர்ந்து வளரும் ஓக்லாண்ட்ரா என்னும் நாணல்மூங்கிலின் கணுக்களுக்கு இடையிலுள்ள கூட்டில் இத்தவளை குடியிருக்கிறது. உயிரோடு நிற்கும் மூங்கிலின் கணுவிடையில், பூச்சிகளோ கொறிக்கும் பிராணிகளோ உண்டாக்கிய மிகக் குறுகிய பிளவு ஒன்று இருந்தால், அதன் வழியாக ஆண் தவளை உடலை நெளித்து ஒடுக்கி உள்ளே நுழைந்துவிடுகிறது. பிளவின் அகலம் சில மில்லிமீட்டரே. தவளையின் நீளமோ சுமார் 25 மில்லிமீட்டர். உள்ளிருந்தபடியே அது அழைக்க, அழைப்பைக் கேட்டு வரும் பெண்ணும் அதே வழியாக நுழைந்து, மூங்கிலின் உட்சுவரில் சில முட்டைகளை மட்டும் ஒட்டிவைத்துவிட்டுச் சென்றுவிடுகிறது. அதன்பின் முட்டைகளுக்குத் தந்தையே சகலமும். சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்ட் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 2014இல் இச்செய்தியை வெளியிட்டபோது, மூங்கில் பொந்துக்குள் நேரடியாகத் தவளையாகவே பொரிக்கும் முட்டைகளையிட்டு, அவற்றைத் தகப்பன் காவல் காக்கும் இவ்விதமான இனவிருத்தி தவளை உலகத்திலேயே அதுவரை அறியப்படாத ஒன்று என்று குறிப்பிட்டார்கள். கேரளத்தில் நாணல்மூங்கிலையே சார்ந்து வாழும் ஓக்லாண்ட்ரே என்ற உறவினத் தவளையும் அவ்வாறே செய்வதை அவர்கள் கண்டார்கள்.

தகப்பன் அங்கே இருப்பதனால் முட்டைகளுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, அல்லது அது வெறுமனே தன் வீட்டில் தங்கியிருக்கிறதா என்ற சந்தேகம் எழுவது இயற்கை. இதைத் தீர்ப்பதற்காகப் பின்னர் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் சில கணுக்களிலிருந்து ஆண் தவளைகளை அகற்றிப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, காவலற்று விடப்பட்ட முட்டைகளில் பெரும்பகுதி அழிந்தது. அவற்றைத் தின்றவற்றுள் பிற பிராணிகள் மட்டுமின்றி, காலியான மூங்கிலைக் கைப்பற்ற வந்த அதே இனத்து வேறு ஆண்களும் இருந்தன. பிளவுபட்ட கணு என்பது காட்டில் எளிதில் கிடைக்காத சொத்து. ஆகவே அதற்காகப் போட்டி. போட்டியின் விளைவாகச் சிசுவதை. அதற்கு எதிராகத் தந்தையின் இடைவிடாத காவல். ஓர் அங்குலமே உள்ள பிராணியின் வாழ்க்கையில் இவ்வளவு கடமையும் இவ்வளவு கொடுமையும் பின்னிக்கிடப்பதை, இரவிரவாக மழையில் நின்று மூங்கில் மூங்கிலாகச் சோதித்தவர்களின் பொறுமையன்றி வேறு எது நமக்குக் காட்டியிருக்கும்? புது இனங்களுக்குப் பெயரிடுவதற்கு இன்று கிடைக்கும் கீர்த்தி இத்தகைய நிதானமான கவனிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது என் குறை. பெயரிடுதல் அவசியந்தான், பெயரில்லாத ஒன்றைச் சட்டமும் காவாது. ஆனால் பெயரிடப்பட்ட எழுபதுக்கு மேற்பட்ட இனங்களில் எத்தனை இனங்களின் முட்டை எங்கே இடப்படுகிறது என்று நமக்குத் தெரியும்? விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கே அவ்விவரம் நூல்களில் ஏறியிருக்கிறது.

இந்த இனங்களைப் பிரித்தறிவதில் செவிக்குக் கண்ணைவிட அதிக உரிமை உண்டு. உருவத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு தவளைகளின் குரலைப் பதிவுசெய்து பார்த்தால், ஒன்று ஒற்றைத் தட்டலாகவும் மற்றொன்று விரைந்த தொடர்தட்டலாகவும் இருக்கும். பெண் தவளை தன் இனத்தானைத் தெரிந்துகொள்வது இவ்வேறுபாட்டாலேயே. ஆகையால் குரற்பதிவு இன்று இனப்பாகுபாட்டின் பிரதான சாதனங்களில் ஒன்றாகிவிட்டது. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராங்கி போசைட்டும் 2009இல் ஒரே கட்டுரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் 12 புதிய புதர்த்தவளை இனங்களை விவரித்தார்கள். 2014இல் மேலும் 9 இனங்கள் ஒருங்கே பெயர்பெற்றன. அழிந்துபோனதென்று ஒருகாலத்தில் முடிவுகட்டப்பட்ட திருவிதாங்கூர்ப் புதர்த்தவளையும் இக்காலத்திலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

மீண்டும் கிடைத்தவற்றைப் பற்றிய சந்தோஷம் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. கிடைக்காமலே போனவற்றின் சரித்திரம் பாக்குநீரிணைக்கு அப்பால் எழுதப்பட்டிருக்கிறது. சூடோபிலாட்டஸ் குலம் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் சென்று, அங்கே பல்கிப் பெருகி, பிற்காலத்தில் அதன் ஒரு கிளை மீண்டும் இந்தியாவுக்கே திரும்பியது என்று மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. இலங்கையில் இக்குலத்தில் 80க்கு நெருங்கிய இனங்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. பெண் தவளை பின்கால்களால் மண்ணைக் குழித்து, முட்டைகளை மண்ணோடு பிசைந்து மறைத்துவைப்பதே அங்கே பெரும்பாலான இனங்களின் வழக்கம். இலையின் அடிப்புறத்தில் ஒட்டிவைப்பனவும் உண்டு. இத்துணை செல்வத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் இன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேகரிப்பாளர்கள் மியூசியங்களுக்கு அனுப்பிய உடல்களே அவை வாழ்ந்ததற்குச் சாட்சி. அந்த நூற்றாண்டில் முதலில் காப்பிக்காகவும், 1869க்குப் பின் இலைத்துரு நோயால் காப்பி வீழ்ந்ததும் தேயிலைக்காகவும் மத்திய மலைநாட்டின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டதை நினைத்தால், இத்தவளைகள் எங்கே போயின என்று கேட்கவேண்டியதில்லை. அத்தோட்டங்களை உண்டாக்கக் கடல் கடந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்க் கூலிமக்கள் பட்ட துயரம் வேறொரு பெரிய சரித்திரம். அவர்களின் உழைப்பைச் சுரண்டிய அதே அவசரந்தான் அக்காட்டையும் விழுங்கியது. 1853இல் கெலார்ட் என்ற அறிஞர் விவரித்த நட்சத்திரப் புள்ளித் தவளை ஒன்று, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் சிவனொளிபாத மலைக்காட்டில் கண்டெடுக்கப்பட்டது; ஆனால் அது விதிவிலக்கு.

நம் மலைகளிலும் அதே சரித்திரம் அதே காலத்தில் நடந்தது. அழிந்தவற்றின் கணக்குத்தான் நம்மிடம் இல்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் மூணாற்றிலும் ஏலமலையிலும் சோலைகள் தேயிலைக்கும் காப்பிக்கும் சின்கோனாவுக்கும் இடமளித்தன. மேட்டுப்புல்வெளிகள் வெற்றுநிலம் என்று கருதப்பட்டு, மலைமக்கள் சீகை மரம் என்றும் கற்பூர மரம் என்றும் சொல்லும் வாட்டிலும் யூகலிப்டஸும் நடப்பட்டன. தோல் பதனிடவும் விறகுக்கும் தைலத்துக்கும் நடப்பட்ட அவை புல்வெளியின் நீரை உறிஞ்சி, புல்லடியில் வாழ்ந்த தவளைகளின் இடத்தை மூடின. பின்னர் வந்த நீர்மின் அணைகள் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. எஞ்சியவை தேயிலைக் கடலுக்கு நடுவே துண்டுபட்டு நிற்கும் சோலைகள். துண்டுக்காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் உள்ளே பாய்வதால், வரைபடத்தில் பத்து ஏக்கராகத் தெரியும் சோலையில் முட்டை உலராத இடம் அதில் ஒரு பங்குகூட இராது.

நாணல்மூங்கிலின் விஷயம் தனியே கவனிக்கத்தக்கது. கூடை, பாய், தட்டி முதலியன முடைவோருக்கு அது ஜீவனோபாயம். காகித ஆலைகளுக்கு அது நீண்ட காலமாகக் கச்சாப் பொருள். முடைவோர் தமக்கு வேண்டிய அளவே வெட்டுவர். ஆலைக்கோ தண்டு தண்டாக அல்ல, சரிவு சரிவாக வெட்டவேண்டும். வெட்டுக்காலம் தவளையின் இனவிருத்திக் காலத்தோடு மோதினால், ஒவ்வொரு தண்டோடும் தகப்பனும் முட்டைகளும் லாரி ஏறும். வெட்டுவோருக்கு இது தெரியாது, தெரிவிப்பவரும் இல்லை. வனநிர்வாகத்தின் கணக்கில் நாணல்மூங்கில் ‘சிறு வனப்பொருள்’ என்ற தலைப்பின்கீழ் மட்டும் இருக்கும்வரை இந்த அறியாமை நீடிக்கவே செய்யும்.

நோயைப் பற்றியும் கூறவேண்டும். தவளையின் தோலில் பற்றி, அதன் வழியாக நடக்கும் உப்புநீர்ச் சமநிலையைக் குலைத்து, இருதயத்தை நிறுத்திவிடும் கைட்ரிட் என்ற பூஞ்சை 1998இல் உலகுக்குத் தெரியவந்தது. 2019இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அதனால் 501 இனங்கள் குன்றின. அவற்றில் 90 இனங்கள் அழிந்தன, அல்லது அழிந்ததாகக் கருதப்படுகின்றன. ஆஸ்திரேலியாவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் அது விளைவித்த நாசம் சொல்லத்தரமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 2011இல் இப்பூஞ்சை கண்டறியப்பட்டிருப்பினும், இங்கே கூட்டமரணங்கள் காணப்படவில்லை. ஆசியாவே இந்நோயின் பிறப்பிடம் என்று 2018இல் வெளியான மரபணுச் சான்று கூறுவதால், நம் தவளைகளுக்கு இதனோடு நெடுங்காலப் பரிச்சயம் இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. ஆனால் வேற்றுநாட்டுத் தவளைகளைச் செல்லப்பிராணிகளாக இறக்குமதி செய்யும் வியாபாரத்தின் மூலம் கொடிய வேறொரு வகை வந்துசேர்ந்தால் இந்த நிம்மதி நிலைக்காது.

இவையெல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது காற்றின் மாறுதலே. 2023 அக்டோபரில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு, ஆராயப்பட்ட 8,011 நீர்நில வாழ்வனவற்றில் நூற்றுக்கு 40.7 பங்கு அழிவபாயத்தில் இருப்பதாகக் காட்டியது; 2004க்குப் பின் நிலைமை மோசமான இனங்களில் நூற்றுக்கு 39 பங்குக்குப் பருவநிலை மாற்றமே பிரதான காரணம் என்றும் கூறியது. மேற்குத் தொடர்ச்சி மலை அபாயம் மிகுந்த பிரதேசங்களுள் ஒன்றாக அதில் இடம்பெற்றிருக்கிறது. குளத்தை நம்பிய தவளை, மழை தாமதித்தால் காத்திருக்கும். காற்றின் ஈரத்தை நம்பிய தவளை, பருவமழை நடுவே பத்துநாள் வெயில் காய்ந்தால் இட்ட முட்டைகளை இழக்கும். வெப்பம் ஏறும்போது கீழ்மலை இனங்கள் மேலே ஏறிச் செல்லலாம்; ஆனமுடியின் உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

பாதுகாப்புக்கு நம்மிடம் உள்ள கருவிகள் சொற்பமல்ல. களக்காடு–முண்டந்துறை 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தவளைக்கால் ஏற்றுமதி 1987இல் தடைசெய்யப்பட்டது வயல்வெளிப் பெருந்தவளைகளுக்கு நன்மை செய்தது. தின்னுதற்கு உதவாத நம் புதர்த்தவளைக்கு அதனால் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. புலிக்காகக் காக்கப்பட்ட காட்டில் தவளையும் பிழைக்கிறது என்பது மெய். ஆனால் புலி நூறு சதுர கிலோமீட்டரில் உலவும் பிராணி. ஓர் ஓடைச்சரிவு மூங்கிலிழந்ததையோ ஒரு சிறு சோலையில் சருகு காய்ந்ததையோ அது உணராது. அதை எண்ணும் கணக்கெடுப்பும் உணராது. மேலும் பல புதர்த்தவளைகளின் இருப்பிடம் காப்பகங்களுக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவிலுள்ள சோலைத்துண்டுகளிலேயே இருக்கிறது.

அங்கேதான் நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. வால்பாறை மேட்டுநிலத்தில், சீரழிந்த மழைக்காட்டுத் துண்டுகளில் சுதேச மரக்கன்றுகளை நட்டு வளர்க்கும் பணியை ‘நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்’ நிறுவனத்தினர் தோட்ட உடைமையாளர்களின் ஒத்துழைப்போடு பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். விதானம் மூடி, சருகு சேர்ந்து, கீழ்மட்டத்தில் ஈரம் திரும்பும் ஒவ்வோர் ஏக்கரும் இத்தவளைகளுக்குப் புதிதாக வெட்டிய குளத்துக்குச் சமானம். தோட்டத்தின் ஓடையோரங்களில் மருந்தடிக்காமல் சில கெஜ அகலத்துக்குக் காட்டுச்செடிகளை விட்டுவைக்கும்படி தோட்டக்காரர்களைக் கேட்பது பெரிய கோரிக்கையல்ல. நாணல்மூங்கில் வெட்டும் இடங்களில், மே மாதம் முதல் பருவமழை ஓயும்வரை வெட்டை நிறுத்திவைப்பதும், பிளவுள்ள கணுக்களைக் கொண்ட தண்டுகளை விட்டுவிடுவதும், ஒரே சரிவை அடுத்தடுத்த ஆண்டுகளில் வெட்டாமல் சுழற்சி முறையைக் கையாளுவதும் வனத்துறையின் ஓர் உத்தரவில் முடியக்கூடியவை. எந்தக் கணுவில் பிளவு இருக்கிறதென்று அறிய விஞ்ஞானி வேண்டியதில்லை; மூங்கிலோடு பழகிய காணிக்காரரின் விரல் அதைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடும். குரற்பதிவுக் கருவிகளைச் சோலைகளில் நிறுவி, ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே பருவத்தில் எத்தனை இனங்கள் கூவுகின்றன என்று கணக்கு வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு வனவிடுதிக்கு வர்ணம் பூசும் செலவைவிட அதிகமாகாது. அந்தக் கணக்கை இந்தப் பருவத்திலேயே தொடங்கவேண்டும்; முதலாண்டின் எண்ணிக்கை கையில் இல்லாவிட்டால் பத்தாம் ஆண்டில் குறைந்தது எது என்று சொல்ல எவராலும் இயலாது.